யூடியூபில் பார்த்த குட்டி பிஸ்டலை உத்திரமேரூரில் இடுப்பில் செருக முடியுமா? துப்பாக்கி லைசென்ஸ் - முழு விவரம்

சாலவாக்கம் பக்கம் ஒரு அரிசி ஆலை உரிமையாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெல் வரத்து அதிகமான நாள். கணக்கு முடித்து, ஷட்டரை இறக்கி, பணப்பையை வண்டியில் வைத்துக்கொண்டு இரவு ஒன்பதரை மணிக்குக் கிளம்புகிறார். ஏரிக்கரையை ஒட்டிய ரோடு. பாதி தூரம் தெருவிளக்கு கிடையாது. பின்னால் ஒரு பைக் லைட் ரொம்ப நேரமாக வந்துகொண்டே இருக்கிறது. அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறார்: 'தற்காப்புக்குச் சின்ன துப்பாக்கி'.

அடுத்த ஒரு வாரம் அவர் போனில் வருவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். சிக் சாவர் பி365, க்ளாக் 43எக்ஸ் என்று உள்ளங்கையில் அடங்கும் பிஸ்டல்கள். மேலே சின்னக் கண்ணாடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியவே தெரியாது. 'இது ஒண்ணு வாங்கிட்டா போதுமே' என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

சரி, அது இங்கே நடக்குமா? நடக்காது என்றால் எது நடக்கும்? அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் உண்மையிலேயே பாதுகாப்பா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தச் சிவப்புப் புள்ளி என்ன?

சாதாரண பிஸ்டலில் குறி பார்க்க இரண்டு இடம் உண்டு. பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு மேடு. பள்ளம், மேடு, எதிரே உள்ள இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். கண் ஒரே நேரத்தில் மூன்று தூரத்தைத் தெளிவாகப் பார்க்காது என்பதால் முன் மேட்டில் பார்வையை வைக்கச் சொல்லித் தருவார்கள். நாற்பது வயதைத் தாண்டி, பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுகிறவர்களுக்கு அந்த மேடு மங்கலாகத்தான் தெரியும்.

ரெட் டாட் இதற்கு ஒரு தீர்வு. பேட்டரியில் இயங்கும் சின்ன விளக்கு, கண்ணாடியில் ஒரு புள்ளியைக் காட்டும். இலக்கைப் பார்த்தபடியே அந்தப் புள்ளியை அதன் மேல் வைத்தால் போதும். இதைப் பொருத்த பிஸ்டலின் மேல்பகுதியில் (ஸ்லைடு என்பார்கள்) தொழிற்சாலையிலேயே இடம் செதுக்கி, திருகு ஓட்டை போட்டு வருவதைத்தான் 'ஆப்டிக்ஸ் ரெடி' என்கிறார்கள். கண்ணாடி கூடவே வரும் என்று அர்த்தம் இல்லை. அதற்குத் தனிக் காசு.

நன்மை இருக்கிறது. குறைகளும் இருக்கின்றன, வீடியோக்களில் அவை வேகமாகக் கடந்துவிடும். பழக்கம் இல்லாதவர் அவசரத்தில் துப்பாக்கியைத் தூக்கினால் கண்ணாடிக்குள் புள்ளியே தெரியாது. மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் புள்ளி ஓடிவிடும். தேடிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். வியர்வை, மழைத்துளி, சட்டைப் பஞ்சு போய் அந்தக் குட்டி விளக்கை மறைக்கலாம். பேட்டரி தீரலாம். இன்னொன்று, வழிப்பறி நடப்பது கைக்கெட்டும் தூரத்தில். அந்தத் தூரத்தில் புள்ளி வைத்துக் குறி பார்க்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

இந்தியாவில் அந்த பிஸ்டல் ஏன் கிடைக்காது?

கண்ணாடி இங்கே பிரச்சினை இல்லை, தோட்டாதான் பிரச்சினை. பி365, க்ளாக் 43எக்ஸ் எல்லாம் 9 மில்லிமீட்டர் தோட்டா போடும் பிஸ்டல்கள். இந்தியாவில் 9 மி.மீ. 'தடை செய்யப்பட்ட ரகம்'. போலீஸ், ராணுவம் பயன்படுத்தும் தோட்டா அது. தனிநபருக்கு வேண்டுமானால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மத்திய அரசின் சிறப்பு அனுமதி வேண்டும். மாவட்ட கலெக்டரால் கொடுக்க முடியாது.

இறக்குமதியும் அப்படித்தான். 1980-களின் நடுவிலிருந்தே சாதாரண ஆள் வெளிநாட்டிலிருந்து கைத்துப்பாக்கி வரவழைக்கும் வழி அடைக்கப்பட்டுவிட்டது. தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் தாத்தா காலத்து வால்தர், வெப்லி போன்றவை கை மாறும்போது லட்சக்கணக்கில் விலை பேசப்படுகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'கூரியர்ல அனுப்பறோம், அட்வான்ஸ் போடுங்க' என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரங்களில் பணம் போனால் அதோடு போனது என்று விடலாம். பொருள் வந்துவிட்டால்தான் ஆபத்து. தடை செய்யப்பட்ட துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு. தடையில்லாத ரகமாக இருந்து லைசென்ஸ் மட்டும் இல்லையென்றால் 2 முதல் 5 ஆண்டு வரை. நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே கதைதான்.

அப்ப எதுதான் வாங்கலாம்?

லைசென்ஸ் உள்ளவர் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 போர். இதில் இரண்டு வகை. மேகசினில் தோட்டா அடுக்கும் பிஸ்டல் ஒன்று. சுழலும் உருளையில் ஆறு தோட்டா போடும் ரிவால்வர் இன்னொன்று.

அரசுத் துறையில் 'அஷானி' என்ற .32 பிஸ்டல் இருக்கிறது. ரிவால்வரில் 'நிர்பீக்' பிரபலம். டெல்லி சம்பவத்துக்குப் பிறகு பெண்களுக்காக என்று சொல்லி 2014 ஜனவரியில் அறிமுகப்படுத்தினார்கள். எடை சுமார் அரைக் கிலோ, அறிமுக விலையே ரூ.1.22 லட்சத்தை ஒட்டி. எந்தப் பெண்களுக்காக என்ற கேள்வி அப்போதே எழுந்தது! 2023 ஆகஸ்டில் கான்பூரில் உள்ள ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனம் 'பிரபல்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை 700 கிராம், குழல் நீளம் 76 மி.மீ., 50 மீட்டர் வரை சுடலாம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இந்த நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. தனியாரில், உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரில் .32 ரிவால்வர் தயாராகிறது.

எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை தோட்டா, எவ்வளவு தூரம்' என்றுதான். தினமும் உடலோடு வைத்திருக்க வேண்டிய பொருளுக்கு அந்தக் கேள்விகள் பின்னால் வர வேண்டியவை.

முதலில் பார்க்க வேண்டியது, விசை. கையை எடுக்காமல், நடுங்காமல் இழுக்க முடிகிறதா? ரிவால்வரில் குதிரையைப் பின்னுக்கு இழுக்காமல் நேராக விசையை இழுத்தால் கனமாக இருக்கும். பலம் குறைந்த விரலுக்குக் கஷ்டம். அதே கனம்தான் தவறுதலாக வெடிக்காமலும் காப்பாற்றுகிறது. பிஸ்டலில் விசை லேசு, ஆனால் ஸ்லைடைப் பின்னால் இழுக்கவே சிலருக்குக் கை வராது. பூட்டைத் திறந்துவிட்டுச் சுட வேண்டும் என்பதும் பதற்றத்தில் மறந்துபோகும். வாங்கும் முன் கடையில் காலித் துப்பாக்கியைக் கையில் வாங்கி இதையெல்லாம் செய்து பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

அடுத்தது அளவு. சின்னதாக இருந்தால் மறைப்பது சுலபம். ஆனால் சுண்டுவிரலுக்குப் பிடி இருக்காது, குழல் குட்டை, குறி தப்புவதும் அதிகம். எடை குறைந்தால் சுடும்போது கை அதிகம் துள்ளும். 500 கிராமுக்கும் 700 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் தெரியாது. எட்டு மணி நேரம் இடுப்பில் வைத்தால் தெரியும்.

நம்மூர் உடை இன்னொரு விஷயம். அமெரிக்க வீடியோவில் வருகிறவர் ஜீன்ஸ் பேன்ட், தடித்த பெல்ட். இங்கே வேட்டி. அகலமான பச்சை பெல்ட்டில் பர்ஸும் பீடிக்கட்டும் இருக்கும் இடத்தில் உறை இல்லாமல் துப்பாக்கியைச் செருகினால், வண்டியில் ஏறும்போது எந்த மடிப்பு விசையில் மாட்டும் என்று சொல்ல முடியாது. விசையை முழுதாக மூடும் உறை (ஹோல்ஸ்டர்) இல்லாமல் கைத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவது தொடையைக் குறி வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி. மே மாத வியர்வையில் இரும்பு இரண்டே நாளில் துருப் பிடிக்கும், வாரம் ஒருமுறையாவது துடைத்து எண்ணெய் போட வேண்டும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் மாட்டிய பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாமா என்று கேட்கவே வேண்டாம்.

தோட்டாவின் வலுவையும் தெரிந்துகொள்வது நல்லது. .32 பிஸ்டல் தோட்டாவின் சக்தி, 9 மி.மீ. தோட்டாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்காக விளையாட்டுப் பொருள் இல்லை, ஆளைக் கொல்லும். ஆனால் வேகமாக வருகிறவரை அந்த நொடியே நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.ராதாவும் மிக நெருக்கத்தில் குண்டடி பட்டும் இருவருமே பிழைத்தார்கள். தோட்டாக்கள் பழையவை, வலுவிழந்தவை என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் கடைசி வரை பழையபடி திரும்பவில்லை. பீரோவில் இருபது வருடமாகக் கிடக்கும் தோட்டா டப்பாவை நம்புகிறவர்கள் இதை யோசிக்கலாம். அதோடு, .32 பிஸ்டல் தோட்டா வேறு, .32 ரிவால்வர் தோட்டா வேறு. எண் ஒன்றுதான் என்று மாற்றி வாங்கிவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல், நேரம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் டூயெலர் 1983-ல் ஒரு கணக்கு எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்கும் ஆள் ஓடி வந்து சேர ஒன்றரை நொடிதான் ஆகும். பயிற்சி பெற்றவர் உறையிலிருந்து எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். இது நின்றுகொண்டிருக்கும் போலீஸ்காரருக்கு. இரண்டு கையும் ஹேண்டில்பாரில், தலையில் ஹெல்மெட், பின்னால் வந்து இடிக்கும் பைக், சட்டைக்குக் கீழே உறை என்றால்? துப்பாக்கியை எடுப்பதற்குள் விழுந்திருப்பார். எதிராளி கைக்கு அது போவதற்கும் வாய்ப்பு அதிகம். ஆலை உரிமையாளரின் அந்த இரவுக்கு, பணத்தை மாலையிலேயே வங்கியில் கட்டுவதும், ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாமல் இருப்பதும், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொள்வதும் செலவில்லாத வழிகள். லட்சத்துக்கு மேல் போட்டு வாங்கும் இரும்பைவிட இவை அதிகம் வேலை செய்யும் என்றே தோன்றுகிறது.

லைசென்ஸ் கிடைச்சிடுமா?

உத்திரமேரூர் வட்டத்தில் இருப்பவர் காஞ்சிபுரம் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கமிஷனர் உள்ள மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். விண்ணப்பம் இப்போது ஆன்லைனில், தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் வழியாகப் போகிறது. லைசென்ஸ்தாரர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. வயது 21 முடிந்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்ததற்குச் சான்று வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து அறிக்கை போகும். வழக்கு இருக்கிறதா, ஊரில் பகை இருக்கிறதா, குடித்துவிட்டுத் தகராறு செய்கிறவரா என்பதெல்லாம் அதில் வரும்.

சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. 13-வது பிரிவின்படி, தற்காப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ 20 அங்குலத்துக்குக் குறையாத நீளக் குழல் துப்பாக்கி கேட்டாலும், பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டாலும், மறுக்கக் காரணம் இல்லையென்றால் அதிகாரி கொடுக்க வேண்டும். பிஸ்டல், ரிவால்வர் அப்படி இல்லை. 'தகுந்த காரணம்' இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். கிராமத்தில் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி உள்ள வீடுகளைப் பார்க்க முடிகிறது, கைத்துப்பாக்கி உள்ள வீடு அபூர்வமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

எது தகுந்த காரணம்? தொழில் அல்லது வேலையின் தன்மையால் உயிருக்கோ சொத்துக்கோ உண்மையான பாதுகாப்புத் தேவை உள்ளவர், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர், ராணுவம் - போலீஸில் பணியாற்றி அப்படித் தேவை உள்ளவர் என 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 'பயமா இருக்கு' என்று மட்டும் எழுதினால் போதாது. மிரட்டல் வந்திருந்தால் கொடுத்த புகாரின் ரசீது, பணம் கொண்டு போகும் தொழில் என்றால் அதற்கான கணக்கு வழக்கு போன்றவை காகிதத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்றும் 14-வது பிரிவு சொல்கிறது. உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பராந்தகச் சோழன் காலத்தில் இதே ஊர்க் கோயில் சுவரில் வெட்டிய குடவோலை விதியில், நிற்கிறவருக்குக் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்றிருக்கிறது. துப்பாக்கிக்கு நிலம் தேவையில்லை!

லைசென்ஸ் 5 ஆண்டுக்கு. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்திருக்கலாம். முன்பு 3 என்று இருந்ததை 2019 டிசம்பரில் குறைத்தார்கள்.

மறைத்து வைக்கலாமா, காட்டலாமா?

அமெரிக்காவில் 'மறைத்து எடுத்துச் செல்வது' என்பதே ஒரு தனி விவாதம். இங்கே விதி நேர் எளிது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, முழுதாக மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். மேசை மேல் வைத்துப் பேசுவது, கல்யாண வீட்டில் இடுப்பு தெரிய நடப்பது எல்லாம் விதி மீறல். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி - கல்லூரி வளாகத்துக்குள் கொண்டு போகவே கூடாது. ஆடித் திருவிழாவுக்குப் போகிறவர் அன்று அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு மட்டும் என்றால், மதுராந்தகத்தில் உள்ள மாமனார் வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. 2019 நவம்பர் முதல் அது செங்கல்பட்டு மாவட்டம்.

சுட்டுட்டா என்ன ஆகும்?

தற்காப்பு உரிமை இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத்தான் பேசுகின்றன. உயிர் போகும் என்றோ பலத்த காயம் ஏற்படும் என்றோ நியாயமான பயம் வந்தால் எதிர்த்துத் தாக்கலாம், அதில் எதிராளி இறந்தாலும் குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் போகக் கூடாது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவரின் முதுகில் சுட்டால் 'என்ன பயம் இருந்தது' என்ற கேள்விக்கு கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வழக்கு முடியும் வரை துப்பாக்கியும் கையில் இருக்காது.

காட்டுப்பன்றிக்காக என்று கேட்பவர்களும் உண்டு. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தாலும் வனவிலங்கைத் தானாகச் சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததும் வனத்துறை ஆட்களுக்குத்தான், விவசாயிக்கு இல்லை.

தேர்தல் வந்தால்? அப்பா இறந்துவிட்டால்?

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். மாவட்ட அளவில் உள்ள ஆய்வுக் குழு யாரிடம் வாங்க வேண்டும் என்று முடிவு செய்யும். விலக்கு வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கேட்கலாம். கொடுக்கும்போது ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம்.

கிராமங்களில் அதிகம் சிக்கலாவது இன்னொரு விஷயம். அப்பா பெயரில் துப்பாக்கி இருந்தது, அவர் காலமாகிவிட்டார், பரணில் அப்படியே இருக்கிறது. லைசென்ஸ் அவரோடு முடிந்துவிடும். அதன்பிறகு அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பது, இருக்கிறவர்கள் மேல் வழக்காக மாறலாம். உடனே ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே மகனோ மகளோ விண்ணப்பிக்கலாம்.